விசாரிக்க ஓர் ஆள்

ஊரிலிருந்து யாராவது புறப்பட்டால், "அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்புவது நம்மவர் வழக்கம். காசு செலவில்லாத காரியம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கிக் கிடப்பவர்களும் உண்டு என்பது, சென்ற முறை ஊருக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

என் ஊர் பாறசாலைக்கு அருகில். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக 1954 ஆகஸ்ட் 11-இல் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தவர்களும் உண்டு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் எங்கள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அக்காள் விளவங்கோட்டில், தங்கை நெய்யாற்றின்கரையில் என்று ஒரே குடும்பத்துக்கு இரண்டு மாநிலங்கள். கல்யாணமும் சந்தையும் எல்லை பார்ப்பதில்லை. பள்ளிக்கூடம் பார்க்கிறது.

என் பெரியம்மைக்குக் காது மந்தம். தொலைபேசியில் பேசினால் கேளாது. அதனால் கடிதம் எழுதுவேன். இம்முறை தலையணைக்கு அடியிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து நீட்டினார்கள். உறை பிரிக்கப்பட்டிருந்தது, யாரும் படித்திருக்கவில்லை. அவர்களுக்குக் கண் தெரியவில்லை. கூட இருக்கும் பேரன் வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். ஆனால் மலையாள எழுத்து மட்டுமே தெரியும்.

"நீ விசாரிச்சுத்தானே எழுதியிருப்ப, அது போதும் மக்களே" என்றார்கள்.

எனக்குப் போதவில்லை. மூன்றையும் அவர்கள் காதருகே உரக்கப் படித்தேன். புறப்படும்போது பேரன், தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான்.

யாரைக் குறை சொல்வது? சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதலே சொல்கிறது. தமிழகம் 2006-லும் கேரளம் 2017-லும் தத்தம் மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கின. விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீட்டாருக்கும் இதே கவலைதான். மாநில மொழியைக் கற்கட்டும். பிழைப்புக்கு அது வேண்டும். ஆனால் அம்மையின் எழுத்தைத் தொலைத்துத்தான் கற்க வேண்டுமா? சட்டத்தில் உரிமை இருந்தாலும், கேட்காத வீட்டுக்கு அதை யாரும் கொண்டுவந்து தருவதில்லை.

மனிதனுக்குச் சோறும் துணியும் மட்டும் போதாது. தான் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நல்லது, அங்கே தயங்காமல் தமிழ் என்று சொல்வோம். ஆனால் எண்ணப்படுவது வேறு, விசாரிக்கப்படுவது வேறு. முதலாவதை அரசு செய்யும். இரண்டாவதை நாம்தான் செய்ய வேண்டும்.

வெளியூரில் வாழும் நாமும் ஒருவகையில் எல்லையூர்க்காரர்கள்தாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் பாட்டியின் கடிதத்தைப் படிக்க முடியும்? நம் பொங்கல் விழாவில் மேடையில் இருப்பவர்களுக்குப் பொன்னாடை உண்டு. கடைசி வரிசையில் தனியே வந்து தனியே போகிறவரை யார் கவனிக்கிறோம்?

இரண்டு காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, வீட்டுக்கொரு பிள்ளையாவது மாதம் ஒரு கடிதம், ஊரிலுள்ள ஒரு பெரியவருக்குத் தன் கையால் தமிழில் எழுதட்டும். இரண்டு, தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் வீட்டுக்கு யாராவது நேரில் போய் வரட்டும். சந்தா கேட்க அல்ல. சும்மா விசாரித்து வர.

இதற்குத் தீர்மானமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாமே!