சட்டத்திற்கு அடங்கா வேர்

ஒரு மொழியின் பிறப்பை முடிவு செய்யும் உரிமை ஆட்சியாளர்க்கு இல்லை. அம்மொழியின் சொற்களுக்கே உண்டு. குர்து மொழியின் வரலாறு இதனைத் தெள்ளத்தெளியக் காட்டும்.

துருக்கி, ஈரான், ஈராக்கு, சிரியா எனும் நான்கு நாடுகளிற் கூறுபட்டுக் கிடப்பவர் குர்து மக்கள். துருக்கி ஆட்சியாளர் அவர்களைப் பல்லாண்டுகள் 'மலைத்துருக்கியர்' என்றழைத்தனர். அவர்தம் மொழியையும் துருக்கியின் திரிபென்றே கூறத் துணிந்தனர். 1983-இல் படைத்துறை ஆட்சி இயற்றிய சட்டமோ, துருக்கிக் குடிமக்களின் தாய்மொழி துருக்கியே எனச் சாற்றியது. ஈன்ற தாயைச் சட்டமிட்டு மாற்றுவதினும் கொடுமை உண்டோ?

சொற்கள் கூறும் சான்று யாது? சரத்துசுத்திர நெறியின் மறைமொழியாகிய அவெசுத்தாவில் 'நான்' என்பதற்குரிய சொல் 'அசெம்'. வடகுர்தாகிய குர்மாஞ்சியில் 'எசு'. தாரியசு மன்னனின் பெகிசுத்தூன் பாறைக் கல்வெட்டிலுள்ள பழம்பாரசீகத்தில் 'அதம்'. மருமகன் அவெசுத்தாவில் 'சாமாதர்', குர்தில் 'சாவா', பாரசீகத்தில் 'தாமாது'. அறிதற்பொருளில் அவெசுத்தா வேர் 'சன்', குர்துச்சொல் 'சானின்', பாரசீகச்சொல் 'தானெசுத்தன்'. ஈண்டுச் சகரத்தை ஒலிப்புடையதாகக் கொள்க. பாரசீகம் தகரம் கொண்ட இடத்தில் அவெசுத்தாவும் குர்தும் சகரம் கொண்டு நிற்கின்றன. இது தற்செயல் ஒப்புமை அன்று, ஒழுங்குபட்ட ஒலித்தொடர்பு. துருக்கியிலோ 'நான்' என்பது 'பென்'. 'அறி' என்பது 'பில்'. திரிபென்பார் இவற்றுக்கு என்ன விடை கூறுவர்?

அவெசுத்தாவே குர்தின் தாய் என்பாரும் உளர். அது மிகை. இரண்டும் ஈரானிய மொழியினத்தின் வெவ்வேறு கிளைகள். அவெசுத்தா குர்துக்குத் தாயன்று; தாயின் உடன்பிறந்தாள் எனலாம். உள்ள உறவே போதிய பெருமை தரும்போது, இல்லாத உறவைக் கூறிப் பகைவர் கையில் படைக்கருவி கொடுப்பானேன்?

1983-ஆம் ஆண்டுச் சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. ஈராக்கின் 2005-ஆம் ஆண்டு அரசமைப்பு அரபியோடு குர்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது. துருக்கியோ 2012-இல் குர்தை விருப்பப்பாடமாக மட்டுமே பள்ளிக்குள் விட்டது. துருக்கியொழிந்த எம்மொழியையும் குடிமக்கட்குத் தாய்மொழியாகக் கற்பித்தலாகாது என்னும் அரசமைப்பின் 42-ஆம் பிரிவு இன்றும் நிற்கின்றது.

வேர் எத்துணை ஆழ்ந்ததாயினும், நீர் மறுக்கப்பட்ட மரம் வாடும். பள்ளியிற் புகாத மொழி நாளடைவில் இல்லத்திலும் மங்கும். 'எசு' என்று தன்னைச் சுட்டும் குர்துக் குழந்தைக்கு அம்மொழியிலேயே கல்வி வேண்டும். அஃது எவரும் அளிக்கும் கொடையன்று, பிறப்புரிமை.