சிற்றரங்கில் ஒரு மாலை

கச்சேரி என்றவுடன் மும்பைத் தமிழர் நெஞ்சில் எழுவது சண்முகானந்த மண்டபமே. 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அப்பேரரங்கிற் பழகிய நமக்கு, சென்ற திங்கள் வேறொரு வகைக் கச்சேரி கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. பாந்த்ராவில் ஒரு மாடியறை, எண்பதே நாற்காலிகள், முழங்கால் உயரமும் இல்லாத மேடை. அன்பர்கள் பலரும் அறியாத உலகமாதலின், அதுபற்றிச் சிறிது கூற விழைகிறோம்.

பாடியவர் இருவர்: ஓர் இளைஞர், ஒரு நங்கை. பக்கவாத்தியம் ஏதுமில்லை, ஆளுக்கொரு கிதார் மட்டுமே. திரைப்படப் பாடல் ஒன்றேனும் இடம்பெறவில்லை. தாமே எழுதித் தாமே மெட்டமைத்த பாடல்களையே இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடினர். படத் தயாரிப்பாளரையோ பெரிய இசை நிறுவனத்தையோ சாராத இத்தகையோரை இக்காலத்தார் ‘இண்டி’ கலைஞர் என்பர். பெயர்தான் புதிது. சொல்லும் இசையும் ஒருங்கே ஆக்குவாரை வாக்கேயகாரர் என்று போற்றியது நம் மரபு. பாபநாசம் சிவன் (1890–1973) தாம் இயற்றிய கீர்த்தனைகளைத் தாமே பாடி, மயிலை மாடவீதிகளில் மார்கழி பஜனை நடத்தியவரன்றோ? இவ்விளைஞரின் இசை வேறு, பொருள் வேறு. எனினும், தம் உள்ளத்திற் பிறந்ததைத் தம் குரலாலேயே பிறர்க்கு அளிக்கும் துணிவு ஒன்றே.

முதலிரு பாடல்களின்போது பின்வரிசையில் பேச்சொலி ஓயவில்லை. தட்டுகளும் கோப்பைகளும் தாமும் தாளமிட்டன. நங்கை சினந்தாரல்லர். ஒலிவாங்கியைச் சற்றே விலக்கிவிட்டு, வெறுங்குரலில் மூன்றாம் பாடலைத் தொடங்கினார். தந்தையின் பணிமாற்றத்தால் ஊர்தோறும் பள்ளி மாறிய ஒரு சிறுமியின் கதை அது. ஒவ்வோர் ஊரிலும் தன் பெயரை வேறு வேறு விதமாக உச்சரிக்கக் கேட்டவள், இறுதியில் தானே அதை எவ்வாறு சொல்வதென்று தயங்குகிறாள். இரண்டாம் அடி முடிவதற்குள் அறை அடங்கிவிட்டது. ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தினராகிய நமக்கு அப்பாடல் தைத்தது இயல்பே. நம்மருகே அமர்ந்திருந்த பஞ்சாபி முதியவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பழகிய பாட்டை அரைச்செவியோடும் கேட்டுவிடலாம். விட்ட சொல்லை நினைவு நிரப்பிக்கொள்ளும். முன்பின் கேளாத பாட்டிலோ, ஒரு சொல் நழுவினால் பொருளே நழுவிவிடும். ஆதலின் புதுப்பாட்டுக்குப் பெருங்கூட்டத்தினும் அமைதியான சிறு கூட்டமே உயிர்நிலை.

அவ்வுயிர்நிலை இன்று தளர்ந்திருக்கிறது. நாம் சென்ற கச்சேரிக்கு நுழைவுச் சீட்டு 500 ரூபாய். எண்பது இடமும் நிரம்பினால் 40,000 ரூபாய் சேரும். வாடகையும் ஒலியமைப்புச் செலவும் போக எஞ்சுவதே இருவருக்கும். அன்றோ இருபது நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்தன. லோயர் பரேலின் பழைய ஆலை வளாகத்தில் 2007இல் தோன்றி, சுயேச்சைக் கலைஞர் பலருக்கு மேடையளித்த புளூ ஃபிராக் அரங்கமும் 2016இல் அங்கே கதவடைத்தது. 2012இல் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்குத்தொகைக்குக் காவலாய் நிற்கிறது, நன்று. ஆயினும் சட்டம் பங்கைத்தான் காக்கும். கேட்போரைத் தேடித் தராது. ஒரு பாட்டின் முதற்செவிகள் சிற்றரங்கிலேதான் கிடைக்கின்றன.

ஆகவே அன்பர்களை வேண்டுவது இதுவே: ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் இத்தகைய அரங்குகளுக்குப் பிள்ளைகளுடன் செல்லுங்கள், சீட்டு வாங்கிச் செல்லுங்கள், பாட்டு முடியும்வரை பேச்சை ஒத்திவையுங்கள். நம் சங்கக் கூடமும் மாதத்தில் பல மாலைகள் பூட்டிக் கிடக்கிறது. அவற்றுள் ஒன்றை இளம் பாடகர்க்குத் திறந்துவிடுவது பற்றிச் செயற்குழுவினர் எண்ணுவார்களாக.

நம் இல்லங்களிலும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிதார் மீட்டும் பிள்ளைகள் உளர். “இது சோறு போடுமா?” என்னும் வினாவில் பெற்றோரின் அக்கறை இல்லாமலில்லை. அதனை வினவுமுன், “நீ எழுதியதைப் பாடு, கேட்போம்” என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்போமாக.