வெள்ளத்தில் இறங்காதே என்று யாரிடம் சொல்கிறோம்?

2024 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை எங்கள் அரூர்ப் பகுதி எளிதில் மறக்காது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பின், 24 மணி நேரத்தில் அரூரில் 33 செ.மீ. கொட்டியது, பக்கத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கடலே இல்லாத தருமபுரிக்கும் புயல் வெள்ளம் வரும் என்று அன்று தெரிந்துகொண்டோம்.

மழை என்றாலே வாட்ஸ்அப்பில் அறிவுரைகள் வரும். வெள்ள நீரில் இறங்காதீர்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். எல்லாம் சரியானவை. ஆனால் அவற்றைக் கடைப்பிடிக்க எல்லோராலும் முடியுமா? பல ஊர்களில் ஊர் மேட்டில் இருக்கிறது. சேரி ஏரிக்கும் ஓடைக்கும் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே வெள்ளம் வாசலைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். விறகு நனைந்த வீட்டில் தண்ணீரை எதை வைத்துக் காய்ச்சுவது?

மழை விட்ட பிறகு அடைத்த சாக்கடையை யாராவது திறந்துதான் ஆகவேண்டும். அந்த 'யாராவது' யார் என்பதைச் சாதி முடிவு செய்து வைத்திருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்தின்போது வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை அழைத்துச் சென்றார்கள். பலர் கையுறையும் காலுறையும் இல்லாமல் குப்பை அள்ளினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

அந்தச் சேற்றில் இருப்பது அழுக்கு மட்டுமில்லை. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே எலிக் காய்ச்சல் கிருமி உடலில் நுழையும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் தாமதிக்கக் கூடாது. மருத்துவரிடம் போய், வெள்ளத்தில் நின்றதையும் சொல்ல வேண்டும். கவனிக்காவிட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். 2018 வெள்ளத்தில் கேரள அரசு மீட்புப் பணியிலும் துப்புரவிலும் இருந்தவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் தடுப்பு மாத்திரை கொடுத்தது. செய்ய முடிந்த காரியம்தான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். மழை வந்தால் அந்தச் சட்டம் விடுமுறையில் போய்விடாது.

தோழர்களே, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் பேரூராட்சியில், ஊராட்சியில் கேளுங்கள்: முழங்கால் வரை பூட்ஸ் எத்தனை ஜோடி வாங்கினீர்கள்? கையுறை? டெட்டனஸ் தடுப்பூசி யாருக்குப் போட்டீர்கள்? மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை தயாரா? வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வெள்ளம் வடிந்த பின் அவர்களுக்குச் சால்வை போர்த்துவதை விட, வெள்ளத்துக்கு முன் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித்தர வைப்பதே சாதி ஒழிப்பு வேலை.