எதிர்பார்க்கிறவர்களின் கடமை

"இவனால் என்ன ஆகப்போகிறது?" என்று பிள்ளையின் காதுபடப் பெரியவர்கள் சலித்துக்கொள்வது நம் இல்லங்களில் சர்வ சாதாரணம். "குடும்பத்தின் மானம் உன் கையில்தான் இருக்கிறது" என்று ஓயாமல் உபதேசிப்பதும் அவ்வாறே. முன்னது பிள்ளையை முடக்குகிறது. பின்னது நடுங்க வைக்கிறது.

கலிபோர்னியாவின் ஆரம்பப் பள்ளியொன்றில் ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை 1968இல் நூலாக வெளிவந்தது. மாணவர் சிலரைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, "இவர்கள் விரைவில் சிறந்து விளங்கப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாக முதலிரண்டு வகுப்புகளில், அப்பிள்ளைகள் மற்றவர்களை மிஞ்சியிருந்தனர். இவ்விளைவு அத்துணைப் பெரிதன்று எனப் பிற்கால ஆய்வாளர் பலர் வாதிட்டதும் உண்டு. எனினும் ஆசிரியரின் பார்வை மாறினால் அவருடைய பொறுமையும் மாறும் என்பதற்கு, ஓதிக்கொடுத்துப் பழகியவர்களுக்குச் சான்று தேவையில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகமும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் கண்ணெதிரே நிற்கின்றன. "நம் பையனுக்கு அங்கே ஒப்பந்தக் கூலி வேலைதான்" என்று பத்தாம் வகுப்பிலேயே தீர்ப்பெழுதிவிடும் பெற்றோர் சற்றே வடக்கு நோக்கிப் பார்க்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா.

1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் அங்கிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம். கணிப்பொறி நிறுத்தச் சொல்லியும் ஏவும்படி முடிவெடுத்தவர் தாமே என்று பின்னாளில் அவரே பகிரங்கமாகக் கூறினார். ஆனால் அன்று பத்திரிகையாளர்களின் கேள்விக்கணைகளைத் தாங்கி நின்றவர் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குத் தாம் பொறுப்பேற்று, தம் குழுவினர் அடுத்த முறை வெல்வார்கள் என்றும் உறுதி கூறினார். 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோதோ, பத்திரிகையாளர் முன் கலாமையே அனுப்பி வைத்தார்.

வெற்றியை மகனிடமிருந்து எதிர்பார்த்துத் தோல்வியை மட்டும் அவன் தலையில் கட்டும் தந்தையர் இதனை எண்ணிப் பார்ப்பாராக! தேர்வு முடிவு வெளியாகும் நாளில் உறவினர் கேள்விகளுக்கு முன்னால் நிற்க வேண்டியவர் யார்? பதினைந்து வயதுச் சிறுவனா?

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில், இருபது வயதையொட்டிய உஸாமா (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் படைத் தலைவராக நியமித்தபோது, மூத்தோர் நிறைந்த படைக்கு இந்த இளைஞரா என்று முணுமுணுத்தோர் உண்டு. அவர் அதற்குத் தகுதியானவரே என அண்ணலார் மக்கள் முன்னிலையில் அறிவித்தார்கள். அண்ணலாரின் மறைவுக்குப் பின், தலைவரை மாற்றும்படி எழுந்த கோரிக்கையைக் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஏற்கவில்லை. வழியனுப்பச் சென்றபோது உஸாமா வாகனத்தின் மீதிருக்க, கலீஃபா நடந்து சென்றார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தமக்குத் துணையாக நிறுத்திக்கொள்ள விரும்பிய கலீஃபா, அதற்கு அந்த இளந்தலைவரிடமே அனுமதி கேட்டுப் பெற்றார்கள்.