மூன்றில் ஒரு பங்கு

1997-98ஆம் ஆண்டில் பிறந்து, 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயரோடே திரும்பி வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்தின் ஆதாரக் கொள்கை, ஒரு பணியின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையேனும் பொதுமக்கள் தந்தால் எஞ்சியதை அரசு தரும் என்பதாகும். தம் கைப்பொருளும் கலந்து எழுந்த கட்டடத்தை ஊரார் காப்பதுபோல் வெறும் டெண்டரில் எழுந்த கட்டடத்தைக் காப்பதில்லை என்பது பிரத்தியட்சமாகையால், இக்கொள்கையைப் பழிப்பதற்கில்லை. ஆயினும், திண்டுக்கல் சமவெளியைச் சற்றே சுற்றிப் பார்ப்பவர்க்கு, ஊராரின் ஆர்வத்தை அளப்பதாக எண்ணிக்கொண்டு இவ்விதி அவர்களுடைய மடிச்சீலையையே அளக்கிறதோ என்னும் ஐயம் எழாமல் இராது.

பத்து லட்ச ரூபாயில் ஒரு நூலகம் கட்டுவதென்றால் ஊர்ப்பங்கு மூன்றே கால் லட்சத்துக்கு மேல். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளுக்கு அருகிலுள்ள ஊரில் அத்தொகைக்கு ஒரு முதலாளியின் ஒரே காசோலை போதும். குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் கிராமத்திலோ, மழை பொய்த்த வருஷம் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதே பெரும்பாடு. வரி கொடுக்க வேண்டிய இளைஞர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். நூலகம் இவ்விரண்டில் எவ்வூருக்கு மிகுதியும் தேவை என்று கேட்க அவ்விதியில் இடமில்லை.

வசதி உள்ள இடத்தையே அரசு நிதி நாடுவது புதிதாக நேர்ந்ததன்று. சின்னாளபட்டிக்கு அருகில் 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், கிராம சுகாதாரத்திலும் ஆதாரக் கல்வியிலும் தேசத்துக்கே முன்னோடியாய் நின்றதையும், அங்கே 1956இல் அமைந்த கிராமிய உயர்கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானதையும் நம் ஜில்லாவார் பெருமையோடு சொல்வது நியாயமே. ஆனால் அம்மையார் டி.வி.எஸ். குடும்பத்துப் புதல்வி, 1952இல் ஆத்தூர், 1957இல் வேடசந்தூர்ச் சட்டமன்ற உறுப்பினர், 1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தவர். அவருடைய தியாகத்தைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தியாகத்தோடு செல்வாக்கும் சேர்ந்திருந்த இடத்துக்கே சர்க்கார் நிதி தயங்காமல் வந்தது என்பதற்காகவே சொல்கிறேன். அதே காலத்தில் அதே தாபத்தோடு எங்கோ ஒரு கிராமத்தில் உழைத்து, மனு எழுதி எழுதி ஓய்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பாரானால் அவர் பெயரை நாம் அறிய வழியில்லை.

நகரத்துக்குள்ளேயும் கதை இதுவே. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் அலிகாரின் மலிவுப் பூட்டோடு போட்டியிட்டுத் தளர்ந்த தொழிலில், அரத்தைக் கையில் பிடித்து நெம்பு ஒவ்வொன்றையும் சாவியின் பல்லுக்கு இசைய ராவித் தீர்க்கும் தொழிலாளி புதிய பூட்டொன்றைக் கற்பித்தால், மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனம் தரும் டான்சீட் ஆதார நிதியை அவர் எட்டுவது எவ்விதம்? அந்நிதி பதிவுபெற்ற, மத்திய அரசால் அங்கீகரிக்கப்பட்ட புத்தொழில் நிறுவனங்களுக்குரியது. திட்ட அறிக்கையும் கணக்குத் தணிக்கையாளரும் உள்ளவருக்கே அவ்வங்கீகாரம் எளிது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவும் நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்லும்போது, தொழில் நடக்கும் சுற்றுவட்டாரத்துக்கே முன்னுரிமை தருகிறது. ஆலை இல்லாத ஊருக்கு அந்தக் கதவும் சாத்தியதுதான்.

பங்குத் தொகையை அடியோடு நீக்கிவிடலாம் என்பார் கட்சியில் நான் இல்லை. அப்படிச் செய்தால் பணி ஒப்பந்தக்காரருடைய உடைமையாகிவிடும். ஆனால் பங்கு ஊருக்கு ஊர் வேறுபடலாம் என்பதை ‘நமக்கு நாமே’ விதியே ஒப்புக்கொண்டு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாய் வாழும் பகுதிகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதுமென்கிறது. அதே நியாயத்தை மானாவாரி ஒன்றியங்களுக்கு நீட்டி, பத்தில் ஒரு பங்கு என்று குறைப்பதில் கஜானாவுக்குப் பெருநஷ்டம் ஒன்றும் வந்துவிடாது. பின்தங்கிய ஒன்றியங்கள் எவையென்று மாநிலத் திட்டக் குழு முன்னமே வகுத்து வைத்திருக்கிறது. அடுத்த அரசாணையில் அந்தப் பட்டியலைச் சேர்க்க ஒரு பத்தி போதும்.