பாகப்பத்திரத்தில் மனிதர்கள்



அமெரிக்கக் குடியரசை நிறுவிய கனவான்களைப் பற்றிப் பேச்செடுத்தால், உடனே ஒரு கூட்டத்தார் வக்காலத்து நாமாவுடன் வந்து நிற்கின்றனர். "அவர்களா அடிமை முறையைப் படைத்தார்கள்? பாட்டன் வைத்துப்போன சொத்து, பேரன் கைக்கு வந்தது. சட்டம் அவர்கள் கையைக் கட்டியிருந்தது. அந்த நிலையிலும் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தானே வைத்துக் காத்தார்கள்?" என்கின்றனர்.

வழிவழிச் சொத்தாம்! குற்றத்துக்குப் பட்டா வழங்க எத்துணை வாய்ப்பான சொல்! சரி, அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வர்ஜீனியாவின் கஸ்டிஸ் குடும்பம் என்ற ஒரே ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கைப் புரட்டுவோம். வாதம் நிற்கிறதா, விழுகிறதா என்பதை அந்தக் கணக்கே கூறட்டும்.

1757-ஆம் ஆண்டு டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற பெருநிலக்கிழார் உயில் எழுதாமலே இறந்தார். இளம் விதவை மார்த்தாவுக்குச் சட்டம் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியது. ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம். விற்கவோ விடுதலை செய்யவோ கூடாது. அவருக்குப் பின் கஸ்டிஸ் வாரிசுகளுக்கே போய்ச் சேரவேண்டும். அந்த விதவைப் பங்கில் நிலமும் பணமும் மட்டுமா இருந்தன? 84 மனிதர்களும் இருந்தனர். 1759-இல் மார்த்தா மறுமணம் புரிந்தார். மணமகன் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். அவரும் வெறுங்கையுடன் வந்தவரல்லர். பதினோரு வயதில் தந்தையை இழந்தபோதே பத்து அடிமைகளுக்கு உடைமையாளரானவர்.

வாஷிங்டன் இறந்த 1799-ஆம் ஆண்டில் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். அவர்களுள் அவருக்கே உரியோர் 123. விதவைப் பங்கைச் சேர்ந்தோர் 153. எஞ்சியோரில் ஏறத்தாழ எல்லோரும் பிறரிடம் வாடகைக்குப் பிடித்தவர்கள். 84 எவ்வாறு 153 ஆயிற்று? சந்தையில் வாங்கிச் சேர்த்த கணக்கா? இல்லை. பிள்ளைகள் பிறந்தன, பங்கு பெருகிற்று.

இந்தப் பெருக்கத்துக்கு வழிசெய்தது 1662-இல் வர்ஜீனியா சட்டமன்றம் இயற்றிய சட்டம். குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்றது அது. இங்கிலாந்து நாட்டு வழக்கில் பிள்ளைக்குக் குலமும் பெயரும் சொத்தும் தந்தைவழியே வரும். அடிமைப் பெண்ணின் பிள்ளைக்கு மட்டும் அந்த வழக்கைத் தலைகீழாக்கினர். ஏன்? தந்தை பல இடங்களில் முதலாளியாகவே இருந்தான்! தந்தைவழி என்றால் பிள்ளை சுதந்திரன். தாய்வழி என்றால் பிள்ளை சொத்து. காமத்துக்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லாததோடு இலாபமும் உண்டு. 1705-இல் மற்றொரு சட்டம் வந்தது. வாரிசுரிமையைப் பொறுத்தவரை அடிமைகள் நிலத்தைப் போன்ற அசையாச் சொத்து என்றது. ஓடுகின்ற மனிதன், பாடுகின்ற மனிதன், கண்ணீர் வடிக்கின்ற மனிதன்: அவன் அசையாச் சொத்தாம்! உயில்களிலோ, "இந்தப் பெண்ணும், இனி அவளுக்குப் பிறக்கும் பெருக்கமும்" என்று எழுதிவைத்தனர். கருவில் உருவாகாத குழந்தைக்கும் உரிமையாளன் தயாராக இருந்தான்.

"சட்டம் கையைக் கட்டியது" என்கிறார்களே, அந்தக் கயிற்றைத் திரித்தவர் யார்? டேனியலின் தந்தை ஜான் கஸ்டிஸ், வர்ஜீனியா ஆளுநரின் ஆலோசனை அவையில் அமர்ந்திருந்தவர். வாஷிங்டனோ பதினைந்து ஆண்டுக்கும் மேலாக அந்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர். சொத்துக்காரரே சட்டமன்றத்தில் அமர்ந்து சட்டம் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து "சட்டம் தடுக்கிறதே, என் செய்வேன்!" என்று கைபிசைந்தால், அந்தக் கண்ணீரை நாம் நம்பவேண்டுமாம்!

ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள். தாய் பெட்டி, விதவைப் பங்கைச் சேர்ந்த தையற்காரி. தந்தை ஆண்ட்ரூ ஜட்ஜ், இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைத் தையற்காரர். தந்தை ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தன் வழியே போய்விட்டார். மகள்? 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஸ்டிஸ் சொத்து. வாஷிங்டன் குடியரசுத் தலைவரான பின்னர், மார்த்தாவின் பணிப்பெண்ணாக ஓனாவும் தலைநகர் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டாள்.

அந்நகரம் உள்ள பென்சில்வேனியாவில் 1780-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு திங்கள் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். குடியரசுத் தலைவர் என்ன செய்தார்? ஆறு திங்கள் முடியுமுன் அவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பி, மீண்டும் அழைத்துக்கொண்டார். விதவைப் பங்கினர் விடுதலை பெற்றால் கஸ்டிஸ் சொத்துக்குத் தாம் ஈடு கட்டவேண்டி வருமே என்ற கவலையைச் செயலாளருக்குக் கடிதமாகவும் எழுதினார். இங்கே சட்டம் விடுவிக்க முன்வந்தது. கையைக் கட்டிக்கொண்டவர் அவரே!

1796-இல், மார்த்தாவின் பேத்தி எலிசாவுக்குத் தன்னைத் திருமணச் சீதனமாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஓனா அறிந்தாள். மே 21 அன்று தலைவரும் தலைவியும் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், வாயிலைக் கடந்து நடந்தாள். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரை அடைந்தாள். வீட்டுப் பிள்ளையாம்! வீட்டுப் பிள்ளையைத் தேடச் சுங்க அதிகாரிக்குக் கடிதம் போயிற்று. 1799-இல் மார்த்தாவின் உறவினர் ஒருவரே நேரில் போனார். எச்சரிக்கப்பட்ட ஓனா மீண்டும் தப்பினாள். மணந்தாள், மூன்று பிள்ளைகளைப் பெற்றாள், வறுமையில் உழன்றாள், 1848-இல் இறந்தாள். அந்நாள்வரை ஏட்டின்படி அவள் கஸ்டிஸ் சொத்துதான். அவள் பெற்ற பிள்ளைகளும் அப்படியே. சீதனமோ நிற்கவில்லை, அக்காள் ஓடிவிட்டால் என்ன, தங்கை டெல்ஃபி இருந்தாளே!

வாஷிங்டன் தம் உயிலில் தமக்குரிய 123 பேருக்கும் விடுதலை எழுதினார். மறுப்பதற்கில்லை, அக்காலக் கனவான்களில் பலர் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் எப்போது? வில்லியம் லீ ஒருவருக்கு மட்டும் உடனே. மற்றவர்க்கு மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு. தம் சாவுக்காக இத்தனை பேர் காத்திருக்கும் வீட்டில் துயில் கொள்வது எளிதா? மார்த்தாவுக்கு அங்கே அச்சம் இருந்ததாக ஆபிகெய்ல் ஆடம்ஸ் அம்மையார் எழுதியுள்ளார். 1801 சனவரி முதல் நாளே விடுதலை வந்துவிட்டது.

அந்த விடுதலையின் இலட்சணத்தைப் பாருங்கள். சமையற்காரர் ஹெர்குலிஸ் வாஷிங்டனுக்கு உரியவர்; அவர் மனைவி ஆலிஸ் விதவைப் பங்கு; ஆகவே அவர்தம் மூன்று பிள்ளைகளும் விதவைப் பங்கு. ஹெர்குலிஸ் 1797-இலேயே தப்பி ஓடினார். அவ்வாண்டு மவுண்ட் வெர்னன் வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி பிலிப்பின் பணியாள், தந்தையைக் காணாமல் வருந்துகிறாயா என்று சின்னஞ்சிறு மகளைக் கேட்டானாம். மகிழ்கிறேன், அப்பா இப்போது சுதந்திரமாக இருக்கிறாரே என்றாளாம் அச்சிறுமி! உயிலால் தந்தைக்குச் சட்டப்படியும் விடுதலை வந்தது. மகளுக்கு வந்ததோ பாகப்பிரிவினை. 1802-இல் மார்த்தா மறைந்ததும், விதவைப் பங்கினர் பேரன் பேத்திகள் நால்வருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டனர். கணவன் இங்கே, மனைவி அங்கே. தாய் ஒரு பண்ணை, சேய் மறு பண்ணை. ஒரு குடும்பத்தின் பாகம் செவ்வையாகப் பிரியவேண்டும் என்பதற்காகப் பல குடும்பங்கள் பிரிந்தன.

அதுவும் சட்டத்தின் கட்டாயமே என்பார்கள். அப்படியானால் எலிஷாவைப் பற்றி என்ன சொல்வார்கள்? மார்த்தாவுக்கென்றே முழு உரிமையாக இருந்த ஒரே அடிமை அவர். விடுவிக்க எந்தத் தடையும் இல்லை. உடைமையாளர் விரும்பினால் விடுவிக்கலாம் என்று 1782-லேயே வர்ஜீனியா சட்டம் வழி திறந்திருந்தது. மார்த்தா அவரைப் பேரனுக்கு எழுதிவைத்தார்! அதே வர்ஜீனியாவில், பாட்டன் சொத்தில் வளர்ந்த ராபர்ட் கார்ட்டர் 1791-இல் 450-க்கும் மேற்பட்டோரை விடுவிக்கப் பத்திரம் எழுதினார். "அந்தக் காலம் அப்படி" என்போர் இந்தக் கார்ட்டர் எந்தக் காலத்தவர் என்று கூறட்டும்.

எலிஷாவைப் பெற்ற பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். ஆர்லிங்டன் மாளிகை எழுப்பியவர். அவருக்கு மனைவி வயிற்றில் பிறந்து உயிர்பிழைத்த மகள் ஒருத்தி, மேரி. அடிமைப் பெண் அரியானா கார்ட்டரிடம் பிறந்தவள் மரியா. தந்தை ஒருவரே. ஆயினும் மேரி சொத்துக்கு வாரிசு. மரியாவோ பிறக்கும்போதே சொத்து! பின்னாளில் மரியாவை விடுவித்துப் பதினேழு ஏக்கர் கொடுத்தார் தந்தை. ஆனால் பத்திரம் கொடுக்கவில்லை. அந்நிலம் தனதே என்று நிலைநாட்ட மரியா சைஃபாக்ஸுக்கு 1866-இல் அமெரிக்கக் காங்கிரசின் தனிச்சட்டம் தேவைப்பட்டது.

1857-இல் கஸ்டிஸ் இறந்தார். ஐந்தாண்டுக்குள் அடிமைகளை விடுவிக்கவேண்டும். பேத்திகள் நால்வருக்கும் தலைக்குப் பத்தாயிரம் டாலர் தரவேண்டும் என்பது உயில். நிறைவேற்றும் பொறுப்பு மேரியின் கணவர் ராபர்ட் லீயிடம் வந்தது. பின்னாளில் அடிமை மாநிலங்களின் படைத்தலைவரான அதே லீ. பேத்திகளின் பணம் சேரும்வரை உழைக்கவேண்டும் என்றார் அவர். 1859-இல் வெஸ்லி நாரிஸும் அவர் தங்கையும் உறவினரும் தப்பியோடிப் பிடிபட்டனர். லீயின் ஆணைப்படி சாட்டையடி விழுந்ததையும், கிழிந்த முதுகில் உப்புநீர் ஊற்றப்பட்டதையும் நாரிஸே 1866-இல் அச்சில் சொன்னார். ஐந்தாண்டுத் தவணையையும் நீட்டிக்க நீதிமன்றம் ஏறினார் லீ, நீதிமன்றம் இணங்கவில்லை. 1862 திசம்பர் 29 அன்று விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். லிங்கனின் பிரகடனத்துக்கு மூன்று நாள் இருந்தது!

ஆர்லிங்டன் நிலத்தைப் போர்க்காலத்தில் அரசு எடுத்துக்கொண்டது. லீயின் மூத்த மகன், பாட்டன் உயிலைக் காட்டி வழக்காடினார். 1882-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1883-இல் அரசு 1,50,000 டாலர் எண்ணிக் கொடுத்தது. வாரிசுரிமை என்றால் அமெரிக்க நீதி எவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தது, பாருங்கள்! அந்த மண்ணை உழுதவர்களும், அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவர்களும் இரண்டு தலைமுறை கூலியின்றி உழைத்தார்களே, அவர்களுக்குச் சேரவேண்டிய கூலி என்று ஒரு வரிகூட அந்தக் கணக்கில் இல்லை.