கை குளிர்ந்திருந்தால் சோதனையைத் தொடங்காதீர்கள்

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலிலிருந்து அதிகாலை பஸ்ஸில் இறங்கி, கெங்குவார்பட்டிப் பக்கம் காட்ரோட்டில் பஸ் மாறித் தேனிக்கு நரம்புச் சோதனைக்கு வருகிறவர்கள் உண்டு. கெங்குவார்பட்டியிலிருந்தே மலைக்காற்றில் பைக் ஓட்டி வருகிறவர்களும் உண்டு. வந்த கையோடு ஏ.சி. அறையில் படுக்கவைத்து எலக்ட்ரோடு ஒட்டினால், நாம் குளிரைத்தான் அளக்கிறோம்.

வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால் நரம்பின் கடத்தும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மீட்டர் வரை குறையும். கைத்தோலில் 32 டிகிரியாவது இருக்க வேண்டும். 54 மீட்டர் வேகமுள்ள நல்ல மீடியன் நரம்பு, 27 டிகிரியில் 44 என்று காட்டக்கூடும். நோயாளிக்குச் சர்க்கரை இருந்தால் அறிக்கையில் ‘நியூரோபதி’ ஏறிவிடும். விரல் மரப்பு என்று வந்தவருக்குக் கார்பல் டனல் அறுவை வரை பேச்சு போகும்.

இதைவிட ஏமாற்றுவது அலையின் உயரம். குளிரில் சோடியம் சேனல்கள் தாமதமாக மூடுவதால் உணர்வு நரம்பின் அலை உயர்ந்தும் அகன்றும் வரும். உண்மையான ஆக்ஸான் இழப்பு அதற்குள் மறைந்துபோகலாம். வேகம் குறைந்து அலை மட்டும் உயரமாக நின்றால், முதலில் நோயாளியின் கையைத் தொட்டுப் பாருங்கள்.

“மரத்துப்போச்சு, ஆனா வலிக்குது” என்று அவர் சொன்னால் அதை முரண் என்று தள்ளிவிடக் கூடாது. மற்றச் சோடியம் சேனல்கள் குளிரில் முடங்கும்போதும், வலி நரம்புகளில் உள்ள என்ஏவி 1.8 இயங்குவதை 2007-இல் எலிகளில் காட்டினார்கள். குளிரை உணர்வதோ டிஆர்பிஎம் 8 என்ற வேறொரு சேனல், மென்தாலுக்கும் திறப்பது; அதை 2002-இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 2021 நோபல் பரிசுக்கான பணிகளில் இதுவும் ஒன்று.

கணக்குப் போட்டு வேகத்தைத் திருத்தினால் போதும் என்பது பலருடைய பழக்கம். அந்தச் சூத்திரங்கள் நலமான நரம்புகளிலிருந்து வந்தவை. பழுதான நரம்பு அதே விகிதத்தில் மாறும் என்று நம்ப முடியாது. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, தோல் வெப்பத்தை மீண்டும் அளந்துவிட்டுத் தொடங்குவதே சரி. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு நீரின் சூட்டை நீங்களே சரிபாருங்கள். சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

அறிக்கைப் படிவத்தில் தோல் வெப்பத்துக்கு ஒரு கட்டம் சேருங்கள். கைக்கு 32, காலுக்கு 30 டிகிரி எட்டாமல் எடுத்த அளவை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் எழுதாதீர்கள்.